டேட்ஸ் பாக்கெட்டில் டேட் எங்கே?

போன வாரம் என் அக்கா மகள் கடைக்குப் போய்ப் பேரீச்சம்பழம் வாங்கி வந்தாள். ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். எதை வாங்கினாலும் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பாக்கெட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தவள், "சித்தி, டேட்ஸ் பாக்கெட்ல டேட்டையே காணோமே!" என்றாள். சொல்லி முடித்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தேதி அடிப்பக்க மடிப்பில் பொடி எழுத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடித்த பிறகும் அவள் பாக்கெட்டைக் கீழே வைக்கவில்லை.

"பழத்துக்கும் டேட், தேதிக்கும் டேட். இங்கிலீஷ்காரங்களுக்கு வேற பேரே கிடைக்கலையா சித்தி?"

அருமையான கேள்வி. அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளமான பதில். ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு கேளுங்கள்.

முதலில் அந்தப் பழத்தை உங்கள் விரலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழுப்பு நிறம், நீள வடிவம், மேலே சுருக்கம். விரல் நுனி மாதிரியே இல்லை? பழைய கிரேக்கர்கள் விரலை 'டாக்டிலோஸ்' என்றார்கள். பேரீச்சம்பழத்துக்கும் அதே சொல்லைத்தான் வழங்கினார்கள். பழம் கப்பலேறி ரோமுக்குப் போனது, பெயரும் கூடவே போய் 'டாக்டிலுஸ்' ஆனது. பிறகு பிரெஞ்சுக்காரர்களின் வாயில் நடுவிலிருந்த ஒலிகளும் கடைசியிலிருந்த ஒலிகளும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தபோது மிச்சம் இருந்தது வெறும் 'டேட்'.

விரல் என்ற அந்தப் பழைய சொல் தேயாமல் இன்னொரு பெயருக்குள் இருக்கிறது. அது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்தான். டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் வானில் பறந்த ஊர்வன ஒன்றுக்கு 1809-இல் பிரெஞ்சு அறிஞர் குவியே ஒரு பெயர் வைத்தார்: டெரோடாக்டில். 'சிறகு விரல்' என்று பொருள். அந்த விலங்கின் நான்காவது விரல் மட்டும் மிக நீளமாக வளர்ந்து, அதிலிருந்துதான் இறக்கைத் தோல் விரிந்திருந்தது. இனிமேல் பேரீச்சம்பழத்தைப் பார்க்கும்போது ஒரு பறக்கும் பிராணியும் நினைவுக்கு வரட்டும். இரண்டின் பெயரும் ஒரே விரலிலிருந்து வந்தவை.

இப்போது தேதிக்கு வருவோம். ரோமானியர்கள் கடிதம் எழுதி முடித்ததும் அதில் 'கொடுக்கப்பட்டது' என்று எழுதி, எந்த ஊரில், எந்த நாளில் என்று குறிப்பார்கள். தூதன் கையில் கடிதம் கொடுக்கப்பட்ட நாள் அது. அந்தக் 'கொடுக்கப்பட்டது' என்ற லத்தீன் சொல்லே காலப்போக்கில் நாளுக்குப் பெயராகிவிட்டது. அதுவும் பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து ஆங்கிலத்தில் 'டேட்' ஆனது. அந்த லத்தீன் சொல்லை நீங்கள் தினமும் சொல்கிறீர்கள் என்றால் நம்புவீர்களா? கைபேசியில் தீர்ந்துபோனதும் அழுகிறோமே, அந்த 'டேட்டா' அதே சொல்தான். ஆய்வாளருக்குக் 'கொடுக்கப்பட்ட' தகவல்கள் என்பது அதன் பொருள்.

ஆக, ஒரு டேட் விரலிலிருந்து வந்தது, இன்னொரு டேட் கடிதத்தின் அடியிலிருந்து வந்தது. யாரும் உட்கார்ந்து யோசித்து இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்கவில்லை. வேறு வேறு ஊரில் பிறந்த இரண்டு சொற்கள், நடந்து நடந்து தேய்ந்து, ஒரே முகம் ஆகிவிட்டன. மலையில் உடைந்த இரண்டு கற்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முக்கோணம், ஒன்று நீள் சதுரம். இரண்டும் ஆற்றில் பல காலம் உருண்டால் கடைசியில் எது எது என்று தெரியாத கூழாங்கற்கள். சொற்களை உருட்டும் ஆறு மனிதர்களின் நாக்கு.

ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட கூழாங்கற்கள் நிறைய. காரணம் அந்தத் தீவின் கதை. 5ஆம் நூற்றாண்டில் ஆங்கிள், சாக்சன் மக்கள் வடகடலைத் தாண்டி வந்து தங்கள் மொழியோடு குடியேறினார்கள். 8ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வைக்கிங்குகள் கொள்ளையடிக்க வந்தார்கள், பிறகு அங்கேயே வீடு கட்டி வாழ்ந்தார்கள். 1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வில்லியம் படையோடு வந்து அரசனானான். அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு பேசப்பட்டது. அறிஞர்கள் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் சொற்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒரே வீட்டில் நாலு ஊர்ச் சொந்தக்காரர்கள் வந்து தங்கினால் இரண்டு பேருக்கு ஒரே பெயர் இருக்காமல் போகுமா?

'பேட்' என்ற சொல்லைப் பாருங்கள். கிரிக்கெட் மட்டையும் பேட், வௌவாலும் பேட். மட்டையின் பெயர் அந்தத் தீவில் வெகு காலமாக இருந்தது, தடி என்று பொருள். வௌவாலின் பெயர் ஸ்காண்டிநேவியப் பக்கத்திலிருந்து வந்தது. அப்போது அது 'பாக்கெ' என்று ஒலித்தது. சில நூற்றாண்டுகள் அப்படியே வழங்கியது. 16ஆம் நூற்றாண்டில் நடுவிலிருந்த 'க்' ஒலி 'ட்' ஆக மாறியது. அவ்வளவுதான், தடியும் வௌவாலும் ஒரே எழுத்தில் வந்து நின்றன.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் நடக்கிற காரியம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் ஊரில் யானையை 'ஆனை' என்று சொல்லும் பாட்டி இருப்பார். அவர் வாயில் 'யா'வின் முன்னாலிருக்கும் ஒலி உதிர்ந்து 'ஆ' மட்டும் நிற்கிறது. நம் மொழியில் பல சொற்களுக்கு இதுவே நடந்தது. சங்க காலத்தில் ஓடும் நதிக்குப் பெயர் 'யாறு'. அந்த ஒலி உதிர்ந்ததும் 'ஆறு' ஆயிற்று, ஐந்துக்கு அடுத்த எண்ணோடு போய் முட்டிக்கொண்டது. அந்த எண்ணும் ஒரு ஒலியை இழந்து வந்ததுதான் என்பது இதைவிட வியப்பு. தமிழின் உறவு மொழியான கோண்டியில் ஆறு என்ற எண்ணுக்கு முன்னால் இன்றும் ஒரு 'ச' ஒலி இருக்கிறது. இரண்டு கற்களுக்கும் வேறு வேறு மூலை தேய்ந்திருக்கிறது!

அதேபோல மேயும் ஆட்டுக்குப் பழைய பெயர் 'யாடு'. வருடத்துக்குப் பழைய பெயர் 'யாண்டு'. சோழர் கல்வெட்டுகளில் அரசனின் எத்தனையாவது ஆட்சி ஆண்டு என்பதை 'யாண்டு' என்றுதான் வெட்டியிருப்பார்கள். இன்று நாம் 'ராஜராஜன் ஆண்ட ஆண்டு' என்று எழுதினால் ஒரே மாதிரி இரண்டு சொல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ராஜராஜன் காலத்துக் கல்தச்சருக்கு அந்தக் குழப்பமே கிடையாது.

சுறாவும் டால்பினும் இப்படித்தான். பார்வைக்கு ஒரே வடிவம்: நீள உடல், முதுகில் துடுப்பு, பின்னால் வால். ஆனால் சுறா மீன், செவுளால் மூச்சு விடும். டால்பின் குட்டி போட்டுப் பால் கொடுக்கும், காற்றுக்காக மேலே வரும். தண்ணீரில் வேகமாகப் போக ஏற்ற வடிவம் எதுவோ அதை இரண்டும் தனித்தனியாக அடைந்தன. வடிவத்தை வைத்து உறவு சொல்ல முடியாது என்பது உயிரியலில் முதல் பாடம். சொல்லியலிலும் அதுவே.

தீக்குச்சியும் மேட்ச், விளையாட்டுப் போட்டியும் மேட்ச். போட்டியின் பெயர் 'இணை, ஜோடி' என்ற பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. சமமான இரண்டு பேர் மோதினால்தானே மேட்ச்? பாவாடைக்குச் சட்டை 'மேட்ச்' ஆகிறது என்பதும் இந்தச் சொல்லே. தீக்குச்சியின் பெயர் பிரெஞ்சிலிருந்து வந்தது, விளக்குத் திரி என்று பொருள். பழைய துப்பாக்கிகளில் மெல்ல எரியும் ஒரு கயிற்றுத் திரியால்தான் வெடிமருந்தைப் பற்றவைப்பார்கள். அந்தத் திரிக்கு மேட்ச் என்று பெயர் இருந்தது. உரசினால் பற்றும் குச்சியை இங்கிலாந்தில் ஜான் வாக்கர் என்ற மருந்துக்கடைக்காரர் 1827-இல் விற்கத் தொடங்கினார். திரியின் பெயர் அந்தக் குச்சிக்குத் தாவிக்கொண்டது. சிவகாசியிலும் கோவில்பட்டியிலும் செய்யப்படும் தீப்பெட்டியில் ஒரு பிரெஞ்சுத் திரி ஒளிந்திருக்கிறது.

'மோல்' என்ற சொல்லில் நாலு பேர் குடியிருக்கிறார்கள். தோலில் இருக்கும் மச்சம் மோல். மண்ணுக்குள் வளை தோண்டும் சிறு விலங்கு மோல். அதற்கு முன்பு 'மண்ணை எறிவது' என்று பொருள்படும் நீண்ட பெயரும் இருந்தது. துறைமுகத்தில் அலையைத் தடுக்கக் கடலுக்குள் கட்டும் பெரிய கற்சுவரும் மோல். நாலாவது மோலை உங்கள் அண்ணனோ அக்காவோ பத்தாம் வகுப்பு வேதியியலில் படித்துக்கொண்டிருப்பார். அது ஓர் எண்ணிக்கை. 'டஜன்' என்றால் 12. மோல் என்றால் 6022 என்று எழுதி அதற்குப் பின்னால் 20 சுழியங்கள் போட வேண்டும், ஏறத்தாழ அவ்வளவு. 18 கிராம் தண்ணீரில், அதாவது நாலு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீரில், அத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன. மூலக்கூறைக் குறிக்கும் 'மாலிக்யூல்' என்ற சொல்லைச் சுருக்கி இந்தப் பெயரை உண்டாக்கியவர் ஜெர்மன் வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட். மாலிக்யூல் என்பதற்கு லத்தீனில் 'சின்னக் குவியல்' என்று பொருள். துறைமுகக் கற்சுவரோ அதே லத்தீனின் 'பெரிய குவியல்'. நாலு பேரில் இரண்டு பேர், அதுவும் கண்ணுக்கே தெரியாத துகளின் பெயரும் கப்பலைக் காக்கும் சுவரின் பெயரும், சொந்தக்காரர்கள்!

எனக்கு மிகப் பிடித்த சொல் இனிமேல்தான் வருகிறது. மேலே பாருங்கள், சுற்றிக்கொண்டிருக்கும். ஆமாம், ஃபேன்.

ரோமானிய விவசாயிகள் தானியத்தைப் புடைத்துத் தூற்ற ஒரு கூடை வைத்திருந்தார்கள். நம் வீட்டு முறம், சுளகு மாதிரி. அதன் லத்தீன் பெயரைப் பழைய ஆங்கிலேயர் வாங்கி 'ஃபான்' என்றார்கள். முறத்தை அசைத்தால் காற்று வரும், பதர் பறக்கும். காற்று வரவழைக்கும் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் பரவியது. முதலில் கைவிசிறி, பிறகு மின்விசிறி.

ஒரு நடிகருக்கோ கிரிக்கெட் வீரருக்கோ 'ஃபேன்' என்று சொல்கிறோமே, அது வேறு சொல். அதன் ஊர் கோயில். லத்தீனில் கோயிலுக்கு ஒரு பெயர் 'ஃபானும்'. கோயிலில் தெய்வம் ஏறித் தன்னை மறந்து ஆடுபவரை அந்தச் சொல்லிலிருந்து உண்டான 'ஃபனாட்டிகுஸ்' என்ற சொல்லால் குறித்தார்கள். நம் ஊர்த் திருவிழாவில் சாமி வந்து ஆடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அந்த நிலைதான். அது ஆங்கிலத்தில் 'ஃபெனாட்டிக்' ஆகி, வெறி பிடித்தவர் என்ற பொருளுக்கு இறங்கியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் பேஸ்பால் விளையாட்டைப் பார்த்துக் கூச்சல் போட்டவர்களை அந்தச் சொல்லை வெட்டிச் சுருக்கி 'ஃபேன்' என்றார்கள். முறமும் கோயிலும் அன்று ஒரே சொல்லில் சந்தித்தன.

கதை இதோடு முடியவில்லை. இந்த ஃபேன் தமிழ்நாட்டுக்கு வந்தது. இங்கே யாரோ அதைத் தமிழாக்கினார்கள். ஃபேன் என்றால் விசிறி, ஆகவே நடிகரின் ஃபேன் நடிகரின் விசிறி! 'நான் அவருடைய தீவிர விசிறி' என்று இன்றும் எழுதுகிறோம், பேசுகிறோம். ரசிகர் என்ற சொல் இருந்தும் விசிறி நிலைத்துவிட்டது. ஆங்கிலத்தில் தற்செயலாக ஒட்டிக்கொண்ட இரட்டைப் பொருள், ஒரு மொழிபெயர்ப்பின் முதுகில் ஏறித் தமிழுக்கும் வந்துவிட்டது. தமிழில் 'விசிறு' என்ற வினைக்கும் ஒருவரைக் கொண்டாடுவதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சிலர் இதைப் பிழை என்பார்கள். எனக்கு இது ஒரு புதையல் போலத் தோன்றுகிறது. ரோம் நகரத்துக் கோயிலும் முறமும் நம் திரையரங்க வாசல் பேனரில் வந்து நிற்கின்றனவே!

சரி, இத்தனை சொற்கள் ஒரே முகத்தோடு திரிந்தால் பேச்சு எப்படிப் புரிகிறது? 'பேட் எடுத்துட்டு வா' என்றால் நீங்கள் வௌவாலைத் தேடிக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போவதில்லை. உங்கள் மூளை ஏதோ செய்கிறது. என்ன செய்கிறது?

1979-இல் டேவிட் ஸ்வின்னி என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்கு ஓர் அழகான சோதனை செய்தார். ஆங்கிலத்தில் 'பக்' என்றால் பூச்சி. ஒட்டுக்கேட்பதற்காகச் சுவரில் ஒளித்து வைக்கும் கருவிக்கும் பக் என்று பெயர். அவர் சிலரைக் காதில் ஹெட்ஃபோன் மாட்டி உட்காரவைத்து ஒரு சிறு கதையைக் கேட்கச் செய்தார். அரசாங்கக் கட்டடம் ஒன்றில் ஒருவர் தன் அறை மூலையில் சிலந்திகளையும் கரப்பான்களையும் வேறு 'பக்'குகளையும் பார்க்கிறார். 'பக்' என்ற சொல் காதில் விழும் அதே நொடியில் எதிரே திரையில் ஒரு சொல் பளிச்சிடும். அது உண்மையான ஆங்கிலச் சொல்லா இல்லையா என்று பார்த்து உடனே பொத்தானை அழுத்த வேண்டும்.

திரையில் 'எறும்பு' என்று வந்தால் மிக வேகமாக அழுத்தினார்கள். பூச்சியைப் பற்றி மனம் நினைத்துக்கொண்டிருக்கிறது, எறும்பு அதற்கு நெருக்கம். 'தைத்தல்' என்று வந்தால் அந்த வேகம் இல்லை. அதற்கும் கதைக்கும் தொடர்பில்லை, அதுவும் சரி. ஆனால் 'ஒற்றன்' என்று வந்தபோதும் வேகமாக அழுத்தினார்கள்! கதையில் சிலந்தியும் கரப்பானும் வந்து 'இது பூச்சிதான்' என்று தெளிவாகச் சொன்ன பிறகும், அவர்களுடைய மனம் ஒட்டுக்கேட்கும் கருவியின் கதவையும் திறந்திருக்கிறது.

ஸ்வின்னி மறுபடியும் சோதித்தார். இந்த முறை 'பக்' என்ற சொல் முடிந்து மூன்று அசைகள் கழித்துத் திரையில் சொல்லைக் காட்டினார். இப்போது எறும்புக்கு மட்டும் வேகம். ஒற்றனுக்கு அந்த வேகம் போய்விட்டது. மூன்று அசை சொல்ல ஒரு நொடிகூட ஆகாது. அந்த நேரத்துக்குள் மனம் இரண்டு கதவையும் திறந்து, எட்டிப் பார்த்து, வேண்டாத கதவை மூடிவிட்டது. கேட்டவர்களுக்கு இது எதுவும் தெரியாது. ஒற்றனின் நினைவு வந்து போனதை அவர்கள் உணரவே இல்லை.

எந்தக் கதவை மூடுவது என்று மனத்துக்கு யார் சொல்கிறார்கள்? இதற்குத் தொல்காப்பியர் எப்போதோ வழி சொல்லியிருக்கிறார். பல பொருள் ஒரு சொல் என்று இத்தகைய சொற்களுக்குப் பெயரிட்டு, அவற்றின் பொருளைத் தெளிய வினை, இனம், சார்பு ஆகியவை உதவும் என்றார். உரையாசிரியர்கள் 'மா' என்ற சொல்லை எடுத்துக்காட்டாகத் தருவார்கள். மா என்றால் மாமரம், மா என்றால் விலங்கும்தான். மா பூத்தது என்றால் மரம், மா ஓடியது என்றால் விலங்கு. வினை காட்டிக்கொடுத்துவிட்டது. நாம் அதே மூன்றையும் 'பேட்'டுக்குப் பொருத்திப் பார்க்கலாம். 'பேட் தலைகீழாகத் தொங்கித் தூங்கியது': வினை. 'பேட், பந்து, ஸ்டம்ப் எல்லாம் எடுத்து வை': இனம், அதாவது கூட நிற்கும் சொற்கள். காலில் பேட் கட்டி, தலையில் ஹெல்மெட் போட்டு, மைதானத்தில் நின்றுகொண்டு ஒருவன் கையை நீட்டி 'பேட்!' என்கிறான்: சார்பு. சொல்லாமலே தெரியும். அட, இந்தக் கடைசி வாக்கியத்திலேயே காலில் கட்டும் 'பேட்' வேறு வந்துவிட்டது. ஆங்கிலத்தில் அதன் ஒலியும் எழுத்தும் வேறு, நம் எழுத்தில்தான் இரண்டும் ஒன்றாகின்றன. நீங்கள் அதைக் குழப்பமில்லாமல் படித்தீர்கள் அல்லவா? 'கட்டி' என்ற வினை உங்களுக்குக் கைகொடுத்தது.

1949-இல் வாரன் வீவர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர், கணினியை மொழிபெயர்க்க வைக்க முடியுமா என்று யோசித்தபோது ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் சொன்னதை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஓர் அட்டையை எடுங்கள். ஒரு சொல் மட்டும் தெரியும் அளவுக்கு நடுவில் துளை வெட்டுங்கள். ஒரு தாளில் 'காலையில் ஆறு பேர் படகில் ஏறி ஆறு கடந்தார்கள்' என்று எழுதிக்கொள்ளுங்கள். அட்டையை மேலே வைத்து, துளையில் 'ஆறு' மட்டும் தெரியும்படி நகர்த்தி, நண்பரிடம் காட்டுங்கள். எண்ணா, நதியா? சொல்லவே முடியாது. துளையை வலப்பக்கம் இன்னொரு சொல் அளவுக்கு வெட்டுங்கள். 'ஆறு பேர்'. உடனே தெரிந்துவிடும். 'ஆறு கடந்தார்கள்'. தெரிந்துவிடும். எத்தனை சொல் அகலத்துக்கு வெட்டினால் பொருள் தெளியும் என்பதுதான் வீவரின் கேள்வி.

11 ஆண்டுகள் கழித்து, 1960-இல், யெஹோஷுவா பார்-ஹில்லெல் என்ற மொழியியல் அறிஞர் ஒரு சிக்கலை முன்னால் வைத்தார். ஆங்கிலத்தில் 'பென்' என்றால் பேனா. லத்தீனில் இறகு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது, இறகால்தானே அந்தக் காலத்தில் எழுதினார்கள்? நம் 'பேனா'வும் அந்த இறகிலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்ததுதான். இன்னொரு 'பென்' ஆட்டுப் பட்டி மாதிரி சுற்றித் தடுப்பு வைத்த இடம். தவழும் குழந்தை உருண்டு போகாமலிருக்கச் சுற்றிலும் கம்பித் தடுப்பு வைப்பதும் பென். இப்போது கதை: ஒரு சின்னப் பையன் தன் பொம்மைப் பெட்டியைத் தேடுகிறான், கடைசியில் கிடைக்கிறது, பெட்டி 'பென்'னுக்குள் இருக்கிறது.

எந்தப் பென்? உங்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. பெட்டிக்குள் பேனா இருக்கலாம், பேனாவுக்குள் பெட்டி இருக்க முடியாது. ஆனால் அந்த வாக்கியத்தில் 'பெரியது', 'சிறியது' என்று ஒரு சொல்லும் இல்லை. பக்கத்துச் சொற்களைப் பார்த்து மட்டும் கணினி எப்படிக் கண்டுபிடிக்கும்? பெட்டியைத் தூக்கிப் பார்த்த கை வேண்டும், பேனா பிடித்த விரல் வேண்டும். அதனால் இயந்திரத்தால் மனிதரைப் போல மொழிபெயர்க்கவே முடியாது என்று பார்-ஹில்லெல் முடிவு கட்டினார். இன்றைய கணினிகள் கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படித்து, எந்தச் சொல் எவற்றோடு கூடி வருகிறது என்று பழகி, இத்தகைய புதிர்களைப் பெரும்பாலும் விடுவித்துவிடுகின்றன. ஆனாலும் ஒரு பெட்டிக்குள் என்னென்ன போகும் என்பதைத் தவழும் வயதிலேயே கையால் தெரிந்துகொண்ட உங்களைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருக்கிறது.

எல்லா இரட்டைச் சொற்களும் இப்படி வேறு வேறு ஊர்க்காரர்கள் இல்லை. சில சொற்களில் பொருள்கள் தொலைவில் இருப்பதுபோலத் தெரியும், தாய் ஒருத்திதான். ஆங்கிலத்தில் 'ஸ்பிரிங்' என்றால் பேனாவுக்குள் இருக்கும் சுருள் கம்பி. வசந்த காலமும் ஸ்பிரிங். மலையடிவார ஊற்றும் ஸ்பிரிங். எல்லாவற்றுக்கும் அடியில் 'துள்ளி எழுதல்' என்ற ஒரே வினை. கம்பி துள்ளுகிறது, நீர் துள்ளிக் கிளம்புகிறது, குளிர் முடிந்ததும் இலை துள்ளி வெளியே வருகிறது. கிரேன் என்றால் நாரை, பாரம் தூக்கும் இயந்திரமும் கிரேன், கழுத்தைப் பாருங்கள் போதும். கணினி மவுஸைச் சொல்லவே வேண்டாம், 1960களில் முதலில் செய்தபோது அதற்குக் கம்பி வால் இருந்தது.

மூளைக்கும் இந்த வேறுபாடு தெரிந்திருக்கிறது. 2002-இல் ஜெனிஃபர் ராட் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் சோதித்துப் பார்த்தார்கள். ஸ்பிரிங் போல உறவுள்ள பொருள்கள் பல இருந்தால் அந்தச் சொல்லை ஆட்கள் வேகமாக அடையாளம் கண்டார்கள். பேட் போல உறவில்லாத பொருள்கள் இருந்தால் கொஞ்சம் தாமதமாகியது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் உதவுகிறார்கள், வேறு வீட்டுக்காரர்கள் வாசலில் முட்டிக்கொள்கிறார்கள்.

எது உறவு, எது இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லவும் முடியாது. உறவில்லாத இரட்டைக்கு எடுத்துக்காட்டாக எல்லாப் புத்தகமும் 'பேங்க்' என்ற சொல்லைத்தான் காட்டும். பணம் போடும் பேங்க் ஒன்று, ஆற்றங்கரை என்ற பேங்க் இன்னொன்று. பணத்துக்கும் கரைக்கும் என்ன சம்பந்தம்? அகராதியில் இரண்டும் தனித்தனிப் பதிவுகள். பண பேங்க் இத்தாலியிலிருந்து வந்தது. அங்கே காசு மாற்றிக் கொடுக்கிறவர்கள் முன்னால் போட்டுக்கொண்ட பலகை மேசையின் பெயர் அது. ஆனால் அந்த இத்தாலியச் சொல்லே வடக்கேயிருந்த ஜெர்மானிய மக்களிடம் வாங்கியது. ஆற்றங்கரை பேங்கும் ஜெர்மானியக் குடும்பத்துச் சொல்தான். மேலே தட்டையாக மேடுபோல நிற்கும் கரையும் உட்காரும் பலகையும் அந்தக் குடும்பத்தில் பங்காளிகள். ஒன்று இத்தாலிக்குப் போய்க் காசு சம்பாதித்துக்கொண்டு வந்தது, ஒன்று ஆற்றோரமே இருந்துவிட்டது.

இவ்வளவையும் கேட்ட என் அக்கா மகள் கடைசியாக ஒரு சொல் கேட்டாள். அவளுடைய பள்ளியில் மாணவர் தலைவரை எஸ்.பி.எல். என்பார்கள், ஸ்கூல் பியூப்பில் லீடர். பியூப்பில் என்றால் மாணவர். அறிவியல் பாடத்தில் கண்ணின் நடுவிலுள்ள கருந்துளைக்கும் பியூப்பில் என்று வருகிறது.

"இது ஒரே ஊரா, வேற வேற ஊரா சித்தி?"

லத்தீனில் சின்னப் பெண்ணுக்கும் பொம்மைக்கும் ஒரே சொல். பெற்றோர் இல்லாமல் பிறர் பொறுப்பில் வளரும் குழந்தையை அந்தச் சொல்லிலிருந்து வந்த பெயரால் குறித்தார்கள். அது ஆசிரியர் பொறுப்பில் இருக்கும் மாணவருக்குப் பெயராயிற்று. கண்ணுக்கு ஏன் அந்தப் பெயர்? ரோமானியர்களுக்கு முன்பே கிரேக்கர்களும் சின்னப் பெண் என்ற சொல்லையே கண்ணின் கருந்துளைக்கும் வைத்திருந்தார்கள். தமிழிலும் 'பாவை' என்றால் பொம்மை, பாவை என்றால் பெண், கண்மணியின் நடுவும் பாவை. திருக்குறளில் ஒருவன் தன் கண்ணுக்குள் இருக்கும் பாவையோடு பேசவே செய்கிறான். மூன்று மொழியிலும் கண்ணுக்குள் ஒரு பொம்மை எப்படி வந்தது?

பதிலை நான் வாயால் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் வெளிச்சம் படும்படி உட்கார்ந்துகொண்டு, "என் கண்ணுக்குள்ள பாரு" என்றேன். மூக்கோடு மூக்கு இடிக்கிற மாதிரி நெருங்கி வந்தாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள்.

"குட்டியா ஒரு பொண்ணு இருக்கா. அவளும் கையாட்டுறா. அசையாதீங்க சித்தி, கண்ணை மூடிடாதீங்க!"